ஏலத்தோட்டத்துக்கு கம்பூட் வாங்குன கதை: யார் காலுக்கு எது சரி

கேரளாவுல இடுக்கி மாவட்டம் வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டம். முதலாளி மலையாளி, வேலைக்கு வர்றவங்க முக்காவாசிப் பேரு நம்ம தேனி மாவட்டத்து கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி ஆளுங்க, வெள்ளன ஜீப்ல கம்பம்மெட்டு ஏறி வந்து சாயங்காலம் எறங்கிருவாங்க. போன மழையில சேத்துப்புண்ணு, அட்டைக்கடி, வழுக்கி விழுந்து இடுப்பு பிடிச்சுக்கிட்டதுன்னு ஆள் வராத நாள் ரொம்ப ஜாஸ்தியாப் போச்சு. பக்கத்து தோட்டத்துல ஒருத்தருக்கு எலிக்காய்ச்சல் வந்து கட்டப்பனையில கொண்டுபோய் சேத்தாங்க, அதுக்கப்புறந்தான் முதலாளி "எல்லாருக்கும் கம்பூட் வாங்கிரலாம்"னு வாயத் தொறந்தாரு, கம்பூட்னா தண்ணி பூராத ஒசரமான பூட்ஸ். நான் அங்க கணக்கு பாக்குறவன், ஸ்டோர் சாவியும் நம்மகிட்டதான், அதனால விசாரிக்கிறது, வாங்குறது, பங்கு வெக்கிறது, ஏச்சு கேக்குறது எல்லாம் நம்ம தலையில விழுந்துச்சு. மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சு தை மாச பனி வரைக்கும் என்ன நடந்துச்சு, எந்த பூட்ஸ் நின்னுச்சு, எது மூலையில கெடக்குதுன்னு எழுதி வெக்கிறேன், தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்கோ வேலைக்குப் போறவங்களுக்கோ உதவும்.

மொதல்ல வந்தது கனடால இருந்து. முதலாளியோட தங்கச்சி மகன் அங்க இருக்காரு, அவரு ஒரு பூட்ஸ் படத்த அனுப்பி "மாமா இதான் பெஸ்ட்டு, இங்க குளிர்காலத்துல வேட்டைக்கு போறவங்க எல்லாம் இதத்தான் போடுறாங்க"ன்னு எழுதியிருந்தாரு. நல்ல பொருள்தான், அதுல சந்தேகமே இல்ல. அடியில ரப்பர், மேல முழங்கால் வரைக்கும் நியோப்ரீன், அதாவது முத்துக்குளிக்கிற மாதிரி கடலுக்குள்ள முங்குறவங்க போடுற சூட்டு இருக்குல்ல, அதே பஞ்சு மாதிரி ரப்பர், 5 மில்லிமீட்டர் கனத்துல, சில மாடல்ல மைனஸ் 40 டிகிரி வரைக்கும் தாங்கும்னு கம்பெனியே போட்டிருக்கும். வெலையப் பாத்தா நம்ம ஊரு பணத்துல ஜோடி பத்தாயிரத்துக்கு மேல போகுது. முதலாளிக்கு அதுல ஆசை வந்துருச்சு, தனக்கு ஒரு ஜோடியாவது வேணும்னு.

அந்த பூட்ஸ் எதுக்குன்னு செஞ்சதுன்னு யோசிச்சாலே பாதி கேள்விக்கு பதில் வந்துரும். அங்க மான் வேட்டைக்கு போறவன் விடியுமுன்ன போய் மரத்து மேல கட்டுன பரண்லயோ பொதர் ஓரத்துலயோ மணிக்கணக்கா அசையாம ஒக்காந்திருப்பான், அசையாத காலுக்கு ரத்தம் ஓட்டம் கம்மி, வெரலு மரத்துப் போகும், அதுக்குத்தான் அந்த கனம். ரப்பர எடுக்குறதுக்கு இன்னொரு காரணமும் சொல்லுவாங்க, மானுக்கு மோப்பம் பயங்கரம், தோல் பூட்ஸும் துணி பூட்ஸும் மனுச வாடைய உறிஞ்சி வெச்சுக்கும், ரப்பர் அந்த அளவுக்கு வெச்சுக்காது, கழுவுனா போயிரும்னு. வாத்து சுடப் போறவனுக்கு சதுப்புல முழங்கால் தண்ணி. இதெல்லாம் அவங்க ஊருக்கு நியாயம். நம்ம பக்கம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கப்புறம் வேட்டைங்கிற பேச்சே கெடையாது, காட்டுப்பன்னி தோட்டத்துக்குள்ள பூந்தாலும் நாமளா கைய வெக்க முடியாது, அது தனி வயித்தெரிச்சல். நமக்கு வேணுங்கிறது நாள் பூரா நடக்குற, குனியிற, ஒக்கார்ற காலுக்கு. மூணாறுல வேணா ஜனவரியில பூஜ்யத்த தொடும், வண்டன்மேட்டுல வெடியக்காலம் 13, 14 டிகிரி இருக்கும், பத்து மணிக்கு வெயில் ஏறிட்டா ஸ்வெட்டர கழட்டி கெளையில மாட்டிருவோம். அதுக்குள்ள 5 மில்லிமீட்டர் நியோப்ரீன போட்டு ஏத்தம் ஏறுனா இட்லிக்கொப்பரைக்குள்ள கால விட்ட கதைதான்.

முதலாளி கேக்கல, அவருக்கு மட்டும் ஒரு ஜோடி வரவழைச்சாரு. அதப் பத்தி அப்புறம் சொல்றேன்.

ஆளுங்களுக்கு டவுன்ல ஒரு கடையில மொத்தமா எடுத்தோம். கருப்பு பிவிசி, 14 இன்ச் ஒசரம், முழங்காலுக்கு கீழ வரைக்கும் வரும், ஜோடி நானூத்திச் சொச்சம். கடைக்காரர் 6ல இருந்து 10 வரைக்கும் சைஸ் கலந்து மூட்டையா கட்டிக் குடுத்துட்டாரு, எத்தன ஆம்பளை எத்தன பொம்பளைன்னு அவரும் கேக்கல. எங்க தோட்டத்துல காய் எடுக்கிறது பூரா பொம்பளையாளுங்க. அவங்க காலு 4, 5, சிலருக்கு 3. நான் ஆறாம் நம்பரு கொஞ்சம் லூசா இருந்தா என்ன, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கலாமேன்னு கடைக்காரர் சொன்னத முதலாளிகிட்ட அப்பிடியே சொல்ல, அவரும் சரின்னுட்டாரு.

பங்கு வெச்ச அன்னைக்கு மத்தியானமே கங்காணி அக்கா பூட்ஸ கையில பிடிச்சுக்கிட்டு ஸ்டோருக்கு வந்துட்டாங்க. "தம்பி, இத வாங்குனவன் ஒரு செடிக்காவது காய் எடுத்திருக்கானா?"ன்னாங்க. "ஏங்க்கா, லூசா?"ன்னேன். "லூசு கெடக்கட்டும், ஒக்கார முடியலப்பா. ஒக்காந்தா இந்த வெளிம்பு முட்டிக்குப் பின்னாடி அறுக்குது, நின்னுக்கிட்டே காய் எடுக்கச் சொல்றியா?"

இங்கதான் முழு விஷயமே இருக்கு, ஏலம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் விளக்கிச் சொல்றேன். தேயிலை மாதிரி இடுப்பு ஒசரத்துல பறிக்கிற சமாச்சாரம் இல்ல இது. செடி தலைக்கு மேல வளந்து நிக்கும், ஆனா காய் வர்ற சரம் தூருல இருந்து கெளம்பி தரையோட தரையா ஓடும். அதனால காய் எடுக்கிறவங்க ஒவ்வொரு தூரு பக்கத்துலயும் குத்தவெச்சு ஒக்காந்து, வெளைஞ்ச காய மட்டும் பாத்து கிள்ளி எடுத்துட்டு, எந்திரிச்சு ரெண்டு எட்டு நகந்து மறுபடியும் ஒக்காரணும். ஒரு நாளைக்கு எத்தன நூறு தடவன்னு யாரும் எண்ணுனதில்ல. காய் எடுக்கிற சுத்து 40, 45 நாளைக்கு ஒருக்க, ஆடி ஆவணியில ஆரம்பிச்சா தை மாசி வரைக்கும் போகும். அப்ப 14 இன்ச் பூட்ஸ் என்ன பண்ணும்? குத்தவெக்கும்போது கெண்டைக்கால் சதை பிதுங்கும், பூட்ஸோட பின் வெளிம்பு முட்டி மடிப்புல போய் முட்டும், சாயங்காலத்துக்குள்ள செவந்து தடிச்சுரும். குள்ளமான பொம்பளைக்கு இன்னும் மோசம், ஏன்னா அந்த 14 இன்ச் ஆறடி ஆம்பளைக்கு கெண்டைக்கால் வரைக்கும்தான் வரும், நாலேமுக்கால் அடிக்காரங்களுக்கு முட்டியவே தொடும். கடையில நின்ன வாக்குல போட்டுப் பாத்து சரின்னு வாங்குறதுல பிரயோஜனமே இல்லங்கிறது இதனாலதான். போட்டுட்டு கடைக்குள்ளயே முழுசா குத்தவெச்சு ஒக்காந்து பாக்கணும், கடைக்காரர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

சைஸ் விஷயம் அதவிட ஆபத்து. பெரிய பூட்ஸுக்குள்ள குதிகால் மேல கீழ ஏறி எறங்கும், மேட்டுல ஏறும்போது பூட்ஸ் பின்னாடி நிக்கும் காலு முன்னாடி போகும், சரிவுல எறங்கும்போது பாதம் முன்னாடி வழுக்கி வெரலு நுனியில போய் இடிக்கும், நெகம் கருத்துரும். ரெண்டு சாக்ஸ் போட்டா இது தீராது, சாக்ஸ் நனைஞ்சதும் சப்பிப்போய் பழைய லூசு திரும்ப வந்துரும், கூட வேர்வை வேற. மொத சுத்து முடியிறதுக்குள்ள வழுக்கி விழுந்தவங்கள்ல பாதிக்கு மேல பெரிய சைஸ் போட்டவங்கதான், செருப்போட வந்தவங்களவிட இவங்கதான் அதிகம் விழுந்தாங்க, நான் கண்ணால பாத்தது.

இந்த மாதிரி இழுத்து மாட்டுற பூட்ஸ்ல, லேஸ் கெடையாதுங்கிறதால குதிகால் துளியூண்டு தூக்கத்தான் செய்யும், அது தப்பில்ல. அளவு பாக்குறதுக்கு நாங்க கடைசியில வெச்சுக்கிட்ட முறை இது: வேலைக்கு போடப்போற அதே சாக்ஸ போட்டுக்கிட்டு சாயங்கால நேரத்துல போட்டுப் பாக்கணும், காலைல இருக்கிற பாதம் சாயங்காலம் இருக்காது, வீங்கியிருக்கும். வெரல முன்னாடி முட்ட வெச்சுட்டு குதிகாலுக்குப் பின்னாடி ஒரு வெரலு நொழஞ்சா போதும், ரெண்டு வெரலு நொழஞ்சா அடுத்த சைஸுக்கு எறங்கு. அப்புறம் படிக்கட்டோ சாய்வோ எதுலயாவது எறங்கிப் பாரு. பிவிசி அச்சுல ஊத்துறது, அரை சைஸ் பெரும்பாலும் கெடைக்காது, 4க்கும் 5க்கும் நடுவுல இருக்கிற காலுக்கு 5ஐ எடுத்து உள்ள ஒரு தட்டையான ஷீட்டு வெட்டிப் போடுறது, சாக்ஸ ரெண்டாக்குறதவிட நல்லா நின்னுச்சு.

ரெண்டாவது ரவுண்டு வாங்கும்போது கங்காணி அக்காவையும் கூட்டிட்டுத்தான் போனேன். 11 இன்ச் ஒசரம், 4ம் 5ம். கடை மாத்துனோம், தேனி வரைக்கும் போக வேண்டியதாயிருச்சு. அக்கா கடையில ஒக்காந்து எந்திரிச்சு, பூட்ஸ மடக்கிப் பாத்து, மோந்து பாத்து, "இது வெரப்பா இருக்கு, அது தேவல"ன்னு தள்ளி வெச்சதுல ஒண்ணு கூட சோடை போகல. மடக்கிப் பாக்குறது சும்மா இல்ல. பூட்ஸ் கிழியிறது அடியில இல்ல, கணுக்கால் முன்னாடி மடியிற எடத்துலதான், குத்தவெச்சு குத்தவெச்சு அந்த மடிப்புல வெள்ளக்கோடு விழுந்து, அப்புறம் மயிரிழை வெடிப்பு, அப்புறம் தண்ணி. பழைய ஸ்டாக்கு பிவிசி நாளாக நாளாக வெரச்சுப்போகும், பெருவெரலால அமுக்குனா அமுங்கணும், மடக்குனா அந்த எடம் வெளுக்காம இருக்கணும். ஓட்டையா இல்லையான்னு பாக்குறதுக்கு இருட்டு ரூம்ல உள்ள டார்ச் அடிச்சா ஊசி ஓட்டை கூட வெளிச்சம் காட்டும், அதவிட சுளுவு தண்ணி வாளிக்குள்ள நின்னு பாக்குறது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னும் பாருங்க, ரப்பர் பூட்ஸுக்கு 5557, பிவிசிக்கு 12254ன்னு நம்பர் இருக்கும்.

அப்புறம் ரப்பரா பிவிசியாங்கிற சண்டை. சார்லஸ் குட்இயர் 1839ல கந்தகம் சேத்து ரப்பர வேக வெக்கிற வித்தைய கண்டுபிடிச்சாரு, அதுக்கு முன்னாடி ரப்பர் வெயில்ல இளகும், குளிர்ல கல்லாகும். அந்த உரிமைய வாங்கிட்டுப் போய் ஹைரம் ஹட்சின்சன்ங்கிறவரு 1853ல பிரான்ஸ்ல, மரக்கட்டை செருப்பு போட்டுக்கிட்டு சேத்துல நின்ன விவசாயிங்களுக்கு பூட்ஸ் செஞ்சு வித்தாரு. இன்னைக்கும் அங்கெல்லாம் ஒசந்த பூட்ஸ்னா இயற்கை ரப்பர் ஷீட்ட கையால அடுக்கி ஒட்டி வேக வெக்கிறதுதான், மெத்துனு இருக்கும், குளிர்ல வெரைக்காது, நனைஞ்ச பாறையில பிவிசியவிட நல்லா பிடிக்கும். கொடுமையப் பாருங்க, நாம நிக்கிற மலைக்கு கீழ முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி பூரா ரப்பர் மரம், நாட்டுல வெளையிற இயற்கை ரப்பர்ல பெரும்பகுதி கேரளாவுல, நம்ம காலுல மட்டும் பிவிசி. வெலைதான் காரணம். காய் எடுக்கிறவங்களுக்கு ரப்பர்தான் நல்லதுன்னு எனக்கு இன்னைக்கும் தோணுது, சில அக்காமாருக்கு அது வாங்கியும் குடுத்தோம், அவங்க அத கீழ வெக்கல.

ஆனா மருந்தடிக்கிற பசங்களுக்கு ரப்பர் வேணாம்னு நான் அடிச்சு சொல்லுவேன். மழை நேரத்துல ஏலத்துக்கு அழுகல் நோய் வரும், அதுக்கு போர்டோ கலவை அடிப்போம், மயில்துத்தமும் சுண்ணாம்பும். மயில்துத்தத்துல இருக்கிறது செம்பு, செம்பு இயற்கை ரப்பருக்கு பகை, காத்துல இருக்கிற ஆக்சிஜன் ரப்பர அரிக்கிற வேகத்த அது கூட்டி விட்டுரும், ரப்பர் பால் எடுக்கிறவங்களக் கேட்டாலும் செம்பு பட்டா பாலு கெட்டுப்போகும்னு சொல்லுவாங்க. மருந்தடிச்சுட்டு கழுவாம போட்ட ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் மேல பிசுபிசுன்னு ஆகி அப்புறம் வெடிச்சுருச்சு. ஸ்ப்ரேயர் மோட்டார்ல இருந்து ஒழுகுற பெட்ரோலும் ஆயிலும் வேற, அதுவும் இயற்கை ரப்பர ஊத வெக்கும். அந்த பசங்களுக்கு பழைய 14 இன்ச் பிவிசியவே குடுத்தோம், அவங்களுக்கு ஒக்கார்ற வேலை இல்ல, ஒசரம் வேணும், 7ம் 8ம் அவங்க காலுக்கு பாந்தம். மொத மூட்டை வீணாகாம தப்பிச்சது இதனாலதான்.

பேண்ட பூட்ஸுக்குள்ள விடுறதா வெளிய விடுறதான்னு ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டே இருந்துச்சு. மருந்தடிக்கிறவன் கண்டிப்பா வெளிய விடணும், இல்லேன்னா பேண்ட்ல வழியிற மருந்து நேரா பூட்ஸுக்குள்ள எறங்கி நாள் பூரா காலு அதுலயே ஊறும். காய் எடுக்கிறவங்களுக்கும் தண்ணி அடியில இருந்து வர்றதவிட மேல இருந்துதான் வருது. தை மாசத்துல மழையே இருக்காது, ஆனா வெடியக்காலம் ஏலச்செடி ஒவ்வொரு எலையும் பனித்தண்ணிய ஏந்திக்கிட்டு நிக்கும், ரெண்டு வரிசைக்கு நடுவுல நடந்தா தொடையில கொட்டி அப்பிடியே வழிஞ்சு பூட்ஸ் வாயிக்குள்ள போயிரும். வாய் அகலமான பூட்ஸ்னா கேக்கவே வேணாம். அதுக்கு வெளிய விடுறது நல்லது. ஆனா வெளிய விட்டா அட்டை பூட்ஸ் மேல ஏறி பேண்டுக்குள்ள பூந்துரும், கம்பூட் போட்டா அட்டை கடிக்காதுன்னு நெனைக்கிறது பொய், அது ஏறுறதுக்கு வழுவழுப்பு ஒரு தடையே இல்ல. தேக்கடியில காட்டுக்குள்ள நடக்கிற டூரிஸ்ட்டுகளுக்கு ஒரு அட்டை சாக்ஸ் குடுப்பாங்க பாத்திருப்பீங்க, நெருக்கமா நெய்ஞ்ச துணியில முழங்கால் வரைக்கும் தச்சு நாடா வெச்சது. அதுமாதிரி இங்க டெய்லர்கிட்ட தச்சோம். உள்ள சாக்ஸ், அதுமேல அட்டை சாக்ஸ முட்டிக்குக் கீழ கட்டி, அப்புறம் பூட்ஸ், எல்லாத்துக்கும் மேல பேண்ட். மேல் வெளிம்புல கொஞ்சம் பொகையிலைப் பொடியோ உப்போ தேச்சுக்கிட்டா இன்னும் நல்லது. சேலைய தூக்கிச் சொருகி உள்ள பழைய பேண்ட் போட்டு வர்ற அக்காமாருக்கு இது பழகிப்போச்சு.

பாம்பு விஷயத்துல யாரையும் ஏமாத்தக்கூடாது. எலைச்சருகுக்குள்ள சுருண்டு கெடக்கிற குட்டையான குழிவிரியன் ஏலக்காட்டுல சாதாரணம். பூட்ஸ் பாதத்தையும் கணுக்காலையும் காப்பாத்தும், உண்மை. ஆனா காய் எடுக்கிறவங்களுக்கு காலவிட கைதான் தரைக்கு பக்கத்துல இருக்கு. நம்ம நாட்டுல கெடைக்கிற வெஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான், குழிவிரியனுக்கு அது கேக்காது, ஆஸ்பத்திரியில வெச்சு கிட்னியப் பாத்துத்தான் வைத்தியம் பண்ணுவாங்க. அதனால ஒக்காருமுன்ன ஒரு கம்பால தூரச் சுத்தி தட்டிட்டு ஒக்கார்ற பழக்கத்த பூட்ஸ் வந்துருச்சுன்னு விட்டுரக்கூடாது, கங்காணி அக்கா இதுல ரொம்ப கறார்.

யானை பத்தி சிரிப்பா வந்த பேச்சு, ஆனா சிரிக்கிற விஷயம் இல்ல. காவலுக்கு இருக்கிற அண்ணே பூட்ஸ போட்டுப் பாத்துட்டு கேட்ட மொத கேள்வி "இதப் போட்டுக்கிட்டு ஓட முடியுமா?". 2023 ஏப்ரல்ல சின்னக்கானல்ல மயக்க ஊசி போட்டு பெரியாறு காட்டுல கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் மே 27ஆம் தேதி கம்பம் டவுனுக்குள்ளயே வந்து நின்னுச்சு, ஜூன் 5ல பிடிச்சு களக்காடு முண்டந்துறைக்கு கொண்டுபோனாங்க, அந்தச் சமயத்துல ஊரே கதவ சாத்திக்கிட்டு கெடந்தத பாத்தவரு அவரு. பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் வேலை பாத்தவங்களுக்கு இந்த கேள்வி இன்னும் கிட்ட. ஜோடி ரெண்டு கிலோ கிட்ட வர்ற லூசு பூட்ஸோட சரிவுல ஓட முடியாது, அதான் உண்மை. முதலாளியோட கனடா பூட்ஸ அவருகிட்ட குடுத்து ஓடச் சொன்னோம், கெண்டைக்கால இறுக்கி பிடிச்சதால கழண்டு போகல, ஆனா கொஞ்ச தூரத்துலயே மூச்சு வாங்கிருச்சு. அவருக்கு கடைசியா குடுத்தது காலுக்கு சரியான 11 இன்ச் ரப்பர், குதிகால் பிடிமானம் நல்லா இருக்கிறது. ராத்திரி காவலுக்கு குளிர் தாங்குறதுக்கு உள்ள கம்பளி சாக்ஸ், அது போதும்னுட்டாரு. கால் சூடு வேணும்னா சாக்ஸ்ல ஏத்தணும், பூட்ஸ்ல ஏத்துனா பகல்ல கழட்ட முடியாது.

முதலாளி பூட்ஸுக்கு வர்றேன். மழையில அவரு தோட்டத்த சுத்தி வந்தாரு, வெளிய இருந்து ஒரு சொட்டு தண்ணி உள்ள போகல. மத்தியானம் கழட்டுனப்ப சாக்ஸ பிழிஞ்சா தண்ணி. எல்லாம் வேர்வை. நியோப்ரீன் தண்ணிய உள்ள விடாது, அதே மாதிரி வெளியவும் விடாது, உள்துணியில ஊறுன ஈரம் நம்ம ஊரு மழைக்கால காத்துல மறுநாள் வெடியிறதுக்குள்ள காயிறதே இல்ல. மூணாவது நாள் வாடை. ஒரு மாசத்துல அவருக்கே வெரலிடுக்குல சேத்துப்புண் வந்துருச்சு, சேத்துல கால வெக்காமலே! லைனிங் இல்லாத சாதா பூட்ஸ்ல அந்த தொல்ல இல்ல, கவுத்தி தொடச்சா முடிஞ்சுது.

சேத்துப்புண்ண சின்ன விஷயமா நெனைக்காதீங்க, எலிக்காய்ச்சல் கிருமி எலி மூத்திரம் கலந்த தண்ணியில இருந்து நம்ம ஒடம்புக்குள்ள போறது இந்த வெடிப்பு, புண்ணு, ஊறிப்போன தோல் வழியாத்தான். பூட்ஸ் போட்டும் உள்ள காலு ஊறியே கெடந்தா வாங்குனதுல பாதி பலன் போச்சு. மழைக்காலத்துல கேரளா சுகாதாரத்துறை ஆளுங்க வாரத்துக்கு ஒருக்க டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் மாத்திரை குடுப்பாங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு அதையும் போடணும், கர்ப்பமா இருக்கிறவங்க கேக்காம போடவே கூடாது.

அதனால காய வெக்கிறதுதான் பூட்ஸ் வாங்குறதவிட பெரிய வேலையாயிருச்சு. மொத வாரம் எல்லாரும் என்ன பண்ணாங்கன்னா ஏலக்காய் காய வெக்கிற ஸ்டோர்ல, சூடு போற கொழாய் பக்கத்துல கொண்டாந்து அடுக்கிட்டாங்க. உள்ள 50 டிகிரி கிட்ட சூடு. ரெண்டு ஜோடி வீணாப்போச்சு, அதவிட பெருசு, ஏலக்காய் பக்கத்துல எந்த வாடை இருந்தாலும் பிடிச்சுக்கும், முதலாளி உள்ள வந்து மூக்க பிடிச்சுக்கிட்டு மலையாளத்துல ஏசுனது புளியமலை வரைக்கும் கேட்டிருக்கும். அதுக்கப்புறம் கொட்டகை ஓரமா மூங்கில் குச்சிய வரிசையா நட்டு, முழங்கை நீளத்துக்கு, கொஞ்சம் சாய்வா, ஒவ்வொண்ணுலயும் ஒரு பூட்ஸ தலைகீழா மாட்டுற ஏற்பாடு பண்ணோம். மேல கூரை, சுத்தி காத்து, வெயில் நேரா படாது. வெயில்பட்டா ரப்பர் வெடிக்கும். உள்ள போட்ட ஷீட்ட தெனம் உருவி தனியா காய வெக்கணும். பழைய தினத்தந்தி பேப்பர உருட்டி உள்ள திணிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா ஈரத்துல முக்காவாசிய அதுவே இழுத்துரும். குச்சியில தலைகீழா இருக்கிறதால தேளு, பூரான் உள்ள தங்குறதும் கொறஞ்சுச்சு, ஆனாலும் போடுமுன்ன தட்டிட்டுத்தான் போடணும். ரப்பர் மேல வெள்ளையா பூத்தா கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க, உள்ள கலந்த மெழுகு மேல வர்றது அது, துணியால தொடச்சா போயிரும்.

சாக்ஸுக்கு காட்டன் வேணாம், அது வேர்வைய குடிச்சுட்டு நனைஞ்சே கெடக்கும். ஃபுட்பால் ஆடுற பசங்க போடுற முழங்கால் நைலான் சாக்ஸ் கம்பத்துல எங்கயும் கெடைக்குது, பூட்ஸ் வெளிம்புக்கு மேல வரைக்கும் வரும், கெண்டைக்கால் ஒரசாது. ஆளுக்கு ரெண்டு ஜோடி, மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒக்காரும்போது மாத்திக்கணும்.

பணம் யாரு குடுக்கிறதுன்னு வந்தப்ப கொஞ்சம் கசப்பு. முதலாளி மொதல்ல கூலியில மாசம் கொஞ்சம் பிடிச்சுக்கலாம்னாரு. கங்காணி அக்கா நேராவே கேட்டாங்க, "மம்பட்டிக்கு எங்க கூலியில பிடிக்கிறீங்களா? கூடைக்கு பிடிக்கிறீங்களா?". 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே 13ஆம் பிரிவுல குடை, கம்பளி, ரெயின்கோட்டு மாதிரி மழைக்கும் குளிருக்கும் உள்ளத குடுக்கச் சொல்லி விதி போடலாம்னு இருந்துச்சு, பூட்ஸுங்கிற சொல்லு அதுல இல்ல, எல்ல தாண்டி தெனம் வந்து போற ஆளுங்களுக்கு அது எந்த அளவுக்கு வந்து சேந்துச்சுங்கிறது ஊருக்கே தெரியும். என் கணக்குப்படி ஆள் வராம காய் பழுத்து உதுந்து போறதுல போற காசுக்கு முன்னாடி பூட்ஸ் காசு ஒண்ணுமே இல்ல, அத எழுதியே காட்டுனேன். கடைசியில பூட்ஸ் முதலாளி செலவு, சாக்ஸ் அவங்கவங்க செலவுன்னு முடிஞ்சுது. பூட்ஸ ஊருக்கு கொண்டுபோகக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன், ஜீப்புல அந்த நெருக்கத்துல யாரும் அத தூக்கிட்டுப் போகவும் நெனைக்கல.

இப்ப நிலவரம் இது. காய் எடுக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க போடுறாங்க, வயசான ரெண்டு பேரு மட்டும் போட மாட்டேங்கிறாங்க, வெறுங்காலுல மண்ணு தெரியும், பூட்ஸ்ல தெரியலங்கிறாங்க, அதுல ஒருத்தவங்க இது வரைக்கும் விழுந்ததே இல்ல, அதனால நானும் வற்புறுத்துறதில்ல. மரம் கவாத்து பண்ண ஏறுற பசங்களுக்கு பூட்ஸே கெடையாது, ஏறும்போது கீழ கழட்டி வெச்சுட்டுத்தான் ஏறணும். கனடா பூட்ஸ் ஸ்டோர் மூலையில கெடக்கு, ஜனவரியில மூணாறுக்கு போறப்ப மட்டும் முதலாளி எடுத்துட்டுப் போறாரு, அங்க வெடியக்காலம் வேலியோரம் நின்னு டீ குடிக்க அத மாதிரி பூட்ஸ் இல்லன்னு வந்து சொன்னாரு, அது சரியாத்தான் இருக்கும்.

இந்த ஆடிக்கு புது ஆர்டருக்கு ஒவ்வொருத்தரையும் பேப்பர் மேல நிக்க வெச்சு பாதத்த பென்சிலால வரைஞ்சு, கெண்டைக்கால் சுத்தளவையும் எழுதி தேனி கடைக்கு அனுப்பியிருக்கேன். 4ம் 5ம் வரும்ங்கிறாரு, 3ஆம் நம்பர் 11 இன்ச்ல வர்றதில்லையாம். அஞ்சு பேருக்கு 3 வேணும். ஸ்கூல் பிள்ளைங்க மழை பூட்ஸ்ல அந்த சைஸ் இருக்கு, அடி மட்டும் மழமழன்னு இருக்கு, பள்ளம் வெட்டுன அடியோட யாராவது தர்றாங்களான்னு கோட்டயம் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கேன்.